மறைந்திருக்கும் மரபும் நிக்காஹுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையும்



பனூ ஃபஸாரா கோத்திரத்தார் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தை பெற்றிருப்பதாக ஐயத்துடன் முறையிட்டார். நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களைப் பற்றி வினவினார்கள். அவை சிவப்பு நிறத்தவை என்றும், ஆயினும் அவற்றுள் சாம்பல் நிறமுடையவையும் உண்டென்றும் அவர் கூறினார். அந்நிறம் எங்கிருந்து வந்ததென வினவியபோது, முன்னோரின் மரபு இழுத்து வந்திருக்கலாம் என்று அவரே விடையளித்தார். அவருடைய மகனின் நிறமும் அவ்வாறே வந்திருக்கலாம் என்று கூறி, நபியவர்கள் அவரது ஐயத்தை நீக்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

அந்த மரபு எங்கே பதிந்திருக்கிறது? நம் உயிரணுக்களின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில். முறுக்கிய நூலேணி போன்ற அதன் வடிவத்தை 1953இல் வாட்சனும் கிரிக்கும் விளக்கினர். நான்கே வேதிப்பொருள்கள் மாறி மாறி அமைந்து, எழுத்துகளைப் போல் அதில் செய்தியைத் தாங்குகின்றன. இவ்விழை 46 குரோமோசோம்களாக அமைந்துள்ளது. அவற்றுள் 23 தாய் தருபவை. 23 தந்தை தருபவை. தாயிடமோ தந்தையிடமோ வெளிப்படாத பண்பு பிள்ளையிடம் வெளிப்படுவதும் இதனால்தான். ஆகவே, பிள்ளையின் நிறத்தைக் காட்டித் தாயைக் குத்திப் பேசுவது அறியாமை மட்டுமன்று, பாவமுமாகும்.

மறைந்து வருவது நிறம் மட்டுமன்று, நோயும் வரும். தலசீமியாவுக்கான பழுதுற்ற மரபணு ஒன்றை மட்டும் உடையவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு, கடும் நோயுடன் பிள்ளை பிறக்க வாய்ப்புண்டு. அப்பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். நெருங்கிய உறவினரிடம் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம். மாமன் மகள், சாச்சா மகள் என உறவுக்குள் மணம் முடிப்பது மார்க்கத்தில் ஆகுமானது. ஆனால் ஆகுமானதைச் செய்யும்போது கவனம் தேவையில்லை என்று மார்க்கம் கூறவில்லை.

பரிசோதனை செய்வது தவக்குலுக்கு முரண் என்பாரும் உளர். சவூதி அரேபியா 2004 முதல் மணமக்கள் இருவருக்கும் இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. முடிவை அறிந்தபின் மணம் புரிவதா என்பதை அவர்களிடமே விட்டுள்ளது. ஈரானிலும் 1997 முதல் இத்தகைய திட்டம் உண்டு. காரணங்களைப் பேணிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல்.

ஆகவே ஜமாஅத்தாரையும் பெற்றோரையும் நாம் வேண்டுவது இதுதான். சம்பந்தம் பேசும் தொடக்கத்திலேயே, தேதி குறிக்கும் முன், இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெண்ணை மட்டும் சோதிப்பது அநீதி. பழுது இரு பக்கமும் இருந்தால்தான் கடும் நோய் பிள்ளையை அடைகிறது. முடிவை அமானிதமாகக் காத்திடுங்கள்; அதை ஊரில் பரப்பி ஒரு பிள்ளையின் வாழ்வைக் கெடுக்காதீர்கள்.

நம் சந்ததியரைக் கண்குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.