காருக்கும் கண்டன்சர் மாற்றலாம்

நம்ம ஊரில் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் யாரும் புது ஃபேன் வாங்க ஓடுவதில்லை. "கண்டன்சர் போயிருக்கும்பா" என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவே சொல்லிவிடுவார். எலக்ட்ரிக்கல் கடையில் ஒன்றை வாங்கி மாட்டினால் முடிந்தது கதை. இதே நியாயம் கார் என்று வந்ததும் மட்டும் ஏன் செல்லாமல் போகிறது?

கேட்கக் காரணம் இருக்கிறது. நான் இப்போது படிப்பது அமெரிக்காவில், மிச்சிகனில். என் அறைத்தோழனிடம் ஒரு 1992ஆம் வருடக் கார் இருக்கிறது. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. பஸ் இல்லாத ஊரில் அவன் வேலைக்குப் போவது அதில்தான். இரண்டு மாதமாக சிக்னலில் நின்றால் இன்ஜின் வேகம் ஏறும், இறங்கும், சில சமயம் அப்படியே அணைந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிது கிடைக்காது. காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பயல் முகம் தொங்கிப்போய் வந்தான்.

படிப்பது எலக்ட்ரானிக்ஸ் என்பதால் எனக்குக் கை அரித்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்தால், குப்பென்று மீன் வாடை! சத்தியமாக மீன் வாடைதான். அப்போதே பாதி விடை தெரிந்துவிட்டது.

இது எங்கள் காருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1990களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டேலன், லெக்ஸஸ் எல்.எஸ். 400 போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் நன்றாக அறிந்த விஷயம். அந்தக் கம்ப்யூட்டர்களில் இருப்பவை எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள். (ஃபேனில் இருப்பது வேறு வகை, உள்ளே பிளாஸ்டிக் படலம். தாத்தா கோபிக்கக் கூடாது.) அலுமினியத் தகடுகளுக்கு நடுவே திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாவற்றையும் சுருட்டி ஒரு குட்டி டப்பாவில் போட்டு, அடியில் ரப்பரால் அடைத்திருப்பார்கள். பேட்டரியிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் வரும் மின்சாரம் ஏறி இறங்கும். அதைச் சமன்படுத்தி, சிப்புகளுக்கு அலையாத 5 வோல்ட் கிடைக்க உதவுவது இவைதான். அந்தக் காலத்துக் கபாசிட்டர்கள் சிலவற்றில் ஊற்றிய திரவம் காலப்போக்கில் அடைப்பைத் தாண்டிக் கசிந்தது. அது போர்டின் செம்புத் தடங்களை அரிக்கும், வாடையும் அடிக்கும். 2000 வாக்கில் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் கபாசிட்டர் உப்பி வெடித்தது வேறு கதை, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் என்று போட்ட கபாசிட்டருக்கு, பத்து டிகிரி சூடு குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம். பெரிய எண்தான், ஆனாலும் முடிவு உள்ள எண். அதாவது இது டயர், பேட்டரி மாதிரி தேயும் பொருள். டயர் தேய்ந்தால் காரைத் தூக்கிப் போடுகிறோமா?

"பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே" என்று நிறைய பேர் சொன்னார்கள். எனக்கு உடன்பாடு இல்லாதது இங்கேதான். காயலான் கடையிலிருந்து வருவதும் அதே வயசுப் பெட்டி, உள்ளே அதே வயசுக் கபாசிட்டர். முந்நூறு டாலர் கொடுத்து அதே நோயை மறுபடி வாங்குவானேன்? எங்கள் போர்டுக்கு வாங்கிய புதுக் கபாசிட்டர்கள் எல்லாம் சேர்த்து இரண்டு டாலர்கூட ஆகவில்லை. (ரிச்சி தெருவாக இருந்தால் பேரம் வேறு பேசியிருப்பேன்.)

இதைப் படித்துவிட்டு உடனே சால்டரிங் அயர்னைத் தூக்காதீர்கள். நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். போர்டின் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதைச் சரியாகச் சுரண்டாமல், அவசரத்தில் சூட்டைக் கூட்டி இழுத்ததில் ஒரு செம்பு வளையமே பெயர்ந்து வந்துவிட்டது. அறைத்தோழன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்புறம் தலைமுடி மாதிரி ஒரு கம்பியை வைத்துத் தடத்தை இணைத்தேன், அதற்கே ஒரு இரவு போனது. மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட, வெப்பம் 105 டிகிரி, கோடு போட்ட கால் நெகட்டிவ், கசிவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இவை தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல். கபாசிட்டர் மாற்றியும் சரியாகாத கோளாறுகளும் உண்டு.

நெடுஞ்சாலையில் இன்ஜின் அணைந்தால் உயிருக்கு ஆபத்து, இதில் விளையாடலாமா என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஆபத்து மாற்றுவதில் மட்டுமா இருக்கிறது? கசியும் வரை விட்டு வைப்பதிலும் இருக்கிறதே! முப்பது வருடம் தாண்டிய போர்டை, ஓடுகிறது என்பதற்காகத் திறந்தே பார்க்காமல் இருப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

எனக்குக் கவலை அடுத்த தலைமுறைக் கார்கள் பற்றித்தான். இப்போது பல கம்ப்யூட்டர்களைப் பசை ஊற்றி மூடிவிடுகிறார்கள். தண்ணீரும் அதிர்வும் தாக்காமலிருக்க அது தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு பெட்டி மாட்டினால் சாவியோடு பொருந்தாமல் வண்டி கிளம்பவே மறுப்பதும் உண்டு. மாசசூசெட்ஸ் மக்கள் 2012லும் 2020லும் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அது கார் தரும் தகவல்களைப் பற்றியது. பசைக்குள் புதைந்த இரண்டு டாலர் பாகத்துக்கு எந்த வாக்கெடுப்பு?

கார் இப்போது சிக்னலில் அடங்கி நிற்கிறது. எடுத்துப் போட்ட பழசுகள் என் மேசையில் ஒரு பாட்டிலில் இருக்கின்றன, மூடி இறுக்கமாக. சீனியர் ஒருவரிடமும் அதே வயசுக் கார் உண்டு. நன்றாக ஓடுவதைப் போய் ஏன் நோண்டுவது என்று தயங்கிக்கொண்டிருந்தார். பாட்டிலைத் திறந்து ஒருமுறை முகரக் கொடுத்தேன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.