கட்டிங் பிளேயரைக் கீழே வைங்க பாய்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மெக்கானிக்குகளைத் திட்டும் பதிவு. கடைசியில் நமக்கும் கொஞ்சம் இருக்கிறது, ஓடிவிடாதீர்கள் :-)

மாற்றலாகி வந்தபோது ரயில் பார்சலில் ஏற்றிக் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 100-ஐ இன்னும் விடாமல் வைத்திருக்கும் நம்மாட்கள் மும்பையில் நிறைய பேர். செம்பூரிலும் முலுண்டிலும் காலையில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அடையாளம் தெரியும். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. கடைசியாக வந்த வண்டிக்கே கிட்டத்தட்ட முப்பது வயசு. இத்தனை வருஷம் எஞ்சின் சூடு, டூ டி ஆயில், இந்த ஊர் மழை என்று எல்லாம் பட்டதில், மேக்னெட்டோ வயர் போய்ச் சேரும் கப்ளர் இறுகித்தான் இருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும், பிளாஸ்டிக் லாக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்.

எஞ்சினை இறக்க வேண்டுமென்றால் இதைக் கழற்றியே ஆகவேண்டும். மெக்கானிக் ரெண்டு இழுப்பு இழுப்பார். 'ஜாம் ஹோ கயா சாப்' என்பார். அடுத்த நிமிஷம் கட்டிங் பிளேயர், டக். வேலை முடிந்ததும் வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிடுவார். இதற்கு 'ஜுகாட்' என்று பெருமையாக ஒரு பேர் வேறு. நம்ம ஊரில் இதை ஒப்பேற்றுவது என்போம்.

டேப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கும். முறுக்கிய செம்பு அரிக்கும். அதிர்வில் தளரும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் எஞ்சின் மிஸ் ஆகும். அப்போது அதே மெக்கானிக் 'சிடிஐ போச்சு' என்பார். சிடிஐ மாறும், காயில் மாறும், பிளக் மாறும், மிஸ்ஸிங் மட்டும் மாறாது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் கரண்டும் நேராக மேக்னெட்டோவிலிருந்துதான் வருகிறது. ராத்திரி, மழை, பின்னால் மனைவி, நடுவில் குழந்தை. அந்த நேரத்தில் லைட் பொசுக்கென்று போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு அநியாயம், கலர். வெட்டிய வயர் நீளம் பத்தாது, கையில் கிடைத்த ஏதோ ஒரு கலர் துண்டை நடுவில் சேர்ப்பார்கள். எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால் இது நரேஷன் இல்லாமல் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் என்ட்ரி போடுகிற வேலை. போட்டவருக்கு மட்டும் தெரியும். அடுத்து வருகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

'வேற வழியில்ல சார்' என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முதலில் எஞ்சின் ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கப்ளர் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கால் மணி நேரம் விடவேண்டும். (பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கிறது, ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கும், பீடியை அணைக்கச் சொல்லுங்கள்.) ஸ்ப்ரே நன்றாகக் காய்ந்தபிறகு வீட்டு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டினால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், லாக் உடையாது. சின்ன ஸ்க்ரூடிரைவரால் லாக்கை அமுக்கிக்கொண்டு, ரெண்டு பக்கக் கூட்டையும் பிடித்து இடம் வலமாக ஆட்டி ஆட்டி எடுக்கவேண்டும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே பின்னிலிருந்து வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒற்றை வயர் புல்லட் கனெக்டர் என்றால் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி, உலோகத்தை மட்டும் ரெண்டு பிளேயரால் பிடித்துத் திருகி எடுக்கலாம். பிளக் கேப்பும் அப்படித்தான், திருகிக்கொண்டே மேலே எடுக்கவேண்டும்.

வெட்டலாம் என்று நான் விடுகிற ஒரே இடம் பிளக் கேப்புக்குள் போகும் ஹெச்டி வயரின் நுனி. பெரும்பாலான கேப் அந்த வயரில் மரை மாதிரித் திருகித்தான் நிற்கும். இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்றுவிடும். நுனி கறுத்திருந்தால் கால் இன்ச் நறுக்கிவிட்டு மறுபடி திருகலாம்.

கப்ளர் உடைந்தே போனாலும் பரவாயில்லை, அதே அளவில் புதுக் கப்ளரும் டெர்மினலும் வாங்கி கிரிம்ப் செய்யலாம். பெரிய காசும் இல்லை.

இப்போது நம்ம பங்கு. மாலில் பார்க்கிங்குக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். 'கித்னா டைம் லகேகா' என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வாட்சைப் பார்க்கிறோம். அவர் வேறு என்ன செய்வார், வெட்டத்தான் செய்வார். அந்த அரை மணி நேரக் கூலியைத் தனியாகத் தருகிறேன் என்று முன்னாலேயே சொல்லுங்கள். கூடவே 'தார் மத் காட்னா பாய்' என்றும் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறமும் கை கட்டிங் பிளேயர் பக்கம் போனால், தயவுதாட்சண்யம் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.