குன்றும் குடும்பமும்

ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாளை எங்ஙனம் கழித்தல் வேண்டும் என்பது சிறு வினாப்போலத் தோன்றும். திருப்பூர் போன்றதொரு தொழில்நகரிலோ அது சிறு வினாவன்று. பனியன் கம்பெனிகளில் வெட்டுவோரும், தைப்போரும், அடுக்குவோரும் நாளொன்றுக்கு ஒன்றரை ஷிப்டு வேலை செய்து, சனிக்கிழமை வாரக் கூலி பெற்று, இரவில் வீடு மீள்கின்றனர். அவர்தம் மக்கள் தந்தையின் முகத்தைப் பகலொளியில் நெடுநேரம் காண்பது பெரும்பாலும் ஞாயிறன்று மட்டுமே. அவ்வொரு நாளும் கடைத்தெருவிலும் கைப்பேசியிலும் கழிந்துவிடுமாயின், குடும்பம் என்பது ஒரு கூரையின்கீழ் உறங்குவோர் கூட்டம் என்னும் அளவில் நின்றுவிடும். ஆதலின், நம் மாவட்டத்தின் தென்னெல்லையில் உயர்ந்து நிற்கும் ஆனைமலைத் தொடரின் அடிவாரங்களிற் குடும்பத்தோடு நடந்து வருதல் அந்நாளுக்கு ஏற்ற செயல்களுள் ஒன்று என்பதும், அதற்குரிய வழிகள் எளிய மக்களுக்கும் எட்டுவன ஆதல் வேண்டும் என்பதும் யாம் ஈண்டுக் கூறப் புகுந்தவை.

‘மக்கள் மலைக்குச் செல்லாமலா இருக்கின்றனர்?’ எனச் சிலர் வினவலாம். செல்கின்றனர், ஆயின் நடக்கின்றாரல்லர். வண்டியில் ஏறி, அருவியில் நனைந்து, படம் பிடித்து, உண்டு, உண்ட இலையையும் நெகிழிப் பையையும் அங்கேயே விடுத்து மீள்கின்றனர். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறே செய்தோம். உடுமலைக்குத் தெற்கேயுள்ள திருமூர்த்தி மலைக்கு எம் குடும்பத்தார் முதன்முறை சென்றபோது, இளையோராகிய யாம் பஞ்சலிங்க அருவிக்கு விரைந்தேறிச் சென்றோம். முதியவளாகிய எம் அம்மாயியும் ஐந்து வயதுத் தங்கையும் பைகளைக் காத்துக்கொண்டு கீழே அமர்ந்திருந்தனர். யாம் ஈர உடையோடு இறங்கி வந்தபோது தங்கை அழுதுகொண்டிருந்தாள். அம்மாயி ஒன்றும் கூறிற்றிலள். வீடு மீளும்வரை அவள் வாய் திறவாமையே எமக்குப் போதிய கண்டனமாயிற்று.

மறுமுறை சென்றபோது, அம்மாயி எத்துணைத் தொலைவு நடப்பாளோ அத்துணையே நடப்பது என உறுதி செய்துகொண்டோம். அவள் நடந்தது மிகச் சிறு தொலைவே. ஆயின் அச்சிறு வழியில் உசிலை ஈதென்றும், வெப்பாலை ஈதென்றும், நீரோரத்தில் வெண்பட்டையோடு நிற்பது மருது என்றும் அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தமிழிலக்கியம் பயிலும் யாம் மருதத்திணையின் இயல்பைத் தேர்வுத்தாளில் விரித்தெழுதியிருந்தோம். மருத மரத்தை அன்றுதான் கையால் தொட்டோம்! முன்னே ஓட முற்பட்ட தங்கையை நோக்கி அம்மாயி, “மலை எங்கயும் ஓடிப் போயிறாது கண்ணு, மெல்லப் போ” என்றாள். யாம் இக்கட்டுரையிற் கூறக் கருதியது முழுவதும் அவ்வொரு மொழியில் அடங்கிக் கிடக்கின்றது.

குடும்ப நடைக்கு இலக்கணம் யாது? கூட்டத்தில் வலியற்ற கால் எதுவோ அதுவே அந்நடைக்கு அளவுகோல் என்பதாம். உச்சியை எட்டுதல் அதன் பயனன்று. குழந்தை குனிந்து எறும்பின் ஒழுக்கை நோக்குமிடத்து எல்லோரும் நிற்றல் வேண்டும். பாட்டி மூச்சு வாங்குமிடத்து எல்லோரும் அமர்தல் வேண்டும். அங்ஙனம் நின்றும் அமர்ந்தும் செல்வோரே காட்டைக் காண்பர். விரைவோர் வழியை மட்டுமே காண்பர்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், 583 அடிகளால் ஆகிய ஒரு மலைவழி காட்டும் நூலன்றோ? பெருங்கௌசிகனார் அதனைத் தனி வீரன் ஒருவனுக்கு உரைத்தாரல்லர். யாழும் முழவும் சுமந்து, கல் உறுத்திய சிற்றடிகளையுடைய விறலியரோடும் சுற்றத்தோடும் செல்லும் கூத்தர்க்கே உரைத்தார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் இடம் எங்கே, பாசி வழுக்கும் பாறை எங்கே, தினைப்புனம் காப்போர் கவண்கல் எறியும் இடம் எங்கே என்றெல்லாம் அந்நூல் எச்சரிக்கின்றது. முன் சென்றவன் பின் வருவானுக்கு வழி கூறுதலே ஆற்றுப்படை. அத்தகைய பேரிலக்கியத்தை உடைய நாம், நம் ஊர்த் தொழிலாளர் குடும்பத்துக்கு ஒரு பக்க அளவிலேனும் மலைவழி காட்டும் குறிப்பு எழுதிக் கொடுத்தோமில்லை என்பது நாணத்தக்கது.

ஆலைத் தொழிலாளர்க்கும் மலைக்கும் உள்ள உறவைப் பிற நாட்டார் வரலாறும் தெளிவிக்கும். பஞ்சாலைகளாற் பெயர் பெற்ற மஞ்செஸ்தர் நகரின் அருகே, புதரும் புல்லும் மூடிய மேட்டுநிலங்கள் பரந்து கிடந்தன. அவற்றை நிலக்கிழார் தம் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்தனர். 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், தொழிலாளர் சில நூற்றுவர் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டின்மீது தடையை மீறி நடந்தனர். அவர்க்குத் தலைநின்ற பென்னி ராத்மன் அப்போது இருபது வயதினர். எம்மினும் ஓராண்டே மூத்தவர். ஐவர் சிறை புகுந்தனர். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற வழிகளுக்கும் உரிய சட்டம் அங்கே பிறந்தது. 1951-இல் அம்மேடு அடங்கிய பகுதியே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. புகைசூழ்ந்த நகரத்தில் வாரமெல்லாம் உழைத்தவர்க்கு ஒரு நாள் திறந்த வானம் வேண்டியிருந்தது. பஞ்சுத் தூசியினிடையே உழைக்கும் நம்மவர்க்கும் அது வேண்டாவோ?

ஆயினும் மஞ்செஸ்தரார் செய்ததை அவ்வாறே நாமும் செய்தல் தகாது. அங்கே வழியை அடைத்தவர் செல்வர். இங்கே காட்டுக்கு உரியவை யானையும் புலியும் காட்டெருமையும். 2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. அதன் உட்காட்டிற் கண்டவாறு புகுதல் குற்றமும் பேதைமையும் ஆம். 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டதை நம் பகுதியார் எளிதில் மறவார். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தினின்று சென்றோரும் அத்தீயிற் சிக்கினர். ஆகவே, திறந்த வழி எது, மூடிய வழி எது என அறிந்து நடத்தலே அறிவு.

இந்நிலையில், 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசினர் 14 மாவட்டங்களில் 40 மலைநடை வழிகளை வகுத்து, எளியன, நடுத்தரமானவை, கடியன என மூவகைப்படுத்தி, வழிகாட்டிகளோடு திறந்தமை பாராட்டத்தக்கது. எம் குறை ஒன்றே. தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்குமிடத்துத் தனியொருவர் செல்லலாம்; தாய், தந்தை, மக்கள் மூவர், பாட்டி என அறுவர் செல்வதாயின் வாரக் கூலி தாங்காது. எளிய வழிகளிலேனும், குடும்பத்துக்கு ஒன்றாகச் சிறு கட்டணமும், சிறாருக்கும் முதியோர்க்கும் விலக்கும் அளித்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. காங்கயத்துக்குத் தெற்கே தாராபுரம் செல்லும் சாலையில் ஊதியூர்க் குன்று உளது. படியேறி முருகன் கோயில்வரை செல்லலாம். ஞாயிறு காலை ஆராதனை முடித்த நம் போன்றோரும் பிற்பகலில் அதன் அடிவாரத்தில் உலவி வருதல் கூடும். திருமூர்த்தி மலையில் அருவிவரை செல்லும் வழி குறுகியதே. ஆயின் மேல்மலையில் மழை பெய்யுங்கால் வெள்ளம் சடுதியில் வருமாதலின், வனத்துறையினர் தடுப்பின் வாதிடாது திரும்புதல் வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை செலவு செய்ய இயலுவோர், உடுமலையினின்று சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுப் பக்கம் செல்லலாம். ஒரே சாலையில் முட்காடு தொடங்கிச் சோலையும் புல்வெளியும் வரையில் நிலம் படிப்படியாக மாறுவதைக் காணலாம். ஆங்குள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில், துறையினரே வண்டியில் ஏற்றிச் சென்று விடுகின்றனர். பிறகு குழந்தையும் நடக்கத்தக்க வழி. வரையாடுகள் அஞ்சாது மேயும். அவை ஈனும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் பூங்கா மூடப்படும் என்பதை நினைவிற்கொள்க. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் அங்கே மலர்ந்தது. இனி 2030-இல் மலரும். இன்று கைப்பிடித்து நடக்கும் குழந்தை அன்று தன் தாத்தாவைக் கைப்பிடித்து நடத்தலாம்.

அப்புல்வெளிகளைப் பயனற்ற தரிசு எனக் கருதி, முற்காலத்தில் மலைநாடெங்கும் சீகையும் தைலமரமும் நட்டவர் பலர். புல்லின் வேரும் சோலையின் மண்ணும் மழையை உண்டு சிறுகச் சிறுக விடுவதனாலன்றோ கோடையிலும் ஓடைகள் வற்றாதிருக்கின்றன? அவ்வோடைகளுட் சில பாம்பாற்றிற் சேர்ந்து, சின்னாற்றோடும் தேனாற்றோடும் கூடி அமராவதியாகி, உடுமலை, தாராபுரத்து வயல்களை ஊட்டுகின்றன. நம் நகரச் சிறார் நொய்யலைச் சாய நீராகவே கண்டு வளர்ந்தவர். 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டமையை வீட்டுப் பேச்சாகக் கேட்டவர். ஆறு பிறக்குமிடத்தில் எவ்வளவு தெளிந்தது என்பதை ஒருமுறை கண்ட சிறுவன், பின்னாளில் பட்டறை உடையவனாயினும், அதன் வாயிலை ஆற்றின் பக்கம் திறக்கக் கூசுவான்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! விடுமுறையில் நாம் நண்பர் குழாத்தோடு உச்சிகளை எண்ணிக்கொண்டு திரிவது போதும். நம்முள் மலையடி ஊரினர் பலர் உளர். ஒவ்வொருவரும் தம் ஊர்ப்பக்கத்துத் திறந்த வழி ஒன்றைப் பற்றி, எத்துணைத் தொலைவு, எங்கே நிழல், எங்கே நீர், எங்கே கால் வழுக்கும், எந்நேரத்தில் மீளல் வேண்டும் என ஒரு பக்கம் எழுதுக. நம் கல்லூரியினின்று திங்கள்தோறும் ஒரு தொழிலாளர் குடும்பத்தையேனும் அவ்வழியில் அழைத்துச் செல்க. கையில் நீர்க்குடுவையும் துணிப்பையும் போதும். முன்னே ஓடாது, பின்னே தங்கும் முதியவரோடு நடந்து செல்க. எம் அம்மாயி இன்று அச்சிறு தொலைவும் நடக்க இயலாத நிலையினள். ஆயினும் யாம் மலைக்குப் போய் வந்தோமெனின், மருத மரம் தளிர்த்ததா என்று கேட்கின்றாள். அவ்வினாவுக்கு விடை கூறத்தக்க கண்களை நம் தலைமுறை இழந்துவிடலாகாது.