எயிற்பட்டினத்தில் என்ன சாப்பாடு?

‘சினிமாவுல எப்பப் பாடப் போற?’ என்ற கேள்வியை ஐந்து வருடத்துக்கு யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், அதை ஆதரித்து முதல் கடிதம் எழுதுவேன். செய்யூரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்துப் பாடுகிறான். மதுராந்தகம் பஸ்ஸில் கிடாரை மடியில் நிறுத்திக்கொண்டு போகிறவன். இந்த வாரம் புதிதாக ஒரு பாட்டை வெளியிட்டிருக்கிறான். கேட்டேன். நன்றாகவே இருக்கிறது, இரண்டாம் சரணம் மட்டும் கொஞ்சம் இழுவை. டீக்கடையில் நான் அதைப் பற்றிப் பேச்செடுத்ததும், அவனுக்கு மாமா முறை ஆகிற ஒருவர் கேட்டதுதான் மேற்படி கேள்வி. பையன் சிரித்து மழுப்பிவிட்டான். என்னால் முடியவில்லை.

அவர் போன பிறகு, “இதுல எவ்வளவுடா வரும்?” என்று கேட்டேன்.

“தெரியல பெரியப்பா. யாரைக் கேட்டாலும் ‘விடாம பண்ணு தம்பி, ஒருநாள் வரும்’ங்கறாங்க. எங்கேருந்து வரும்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

ஸ்பாட்டிஃபை விஷயத்தை நான்தான் அவனுக்குச் சொன்னேன். ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அங்கே அதற்கு உரிமைத்தொகை உண்டு, 2024இலிருந்து அப்படித்தான். இதைப் பற்றித்தான் இந்த வாரம் முழுசாக எழுத உட்கார்ந்தேன். ஆனால் ‘எங்கேருந்து வரும்’ என்று அவன் கேட்டதும் மனசு வேறு பக்கம் போய்விட்டது. எந்தப் பக்கம் என்று வழக்கமாக இதைப் படிப்பவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். ஆமாம், பத்துப்பாட்டுதான். முருங்கைக்கீரைக்கே அதை இழுத்தவன், பாட்டுக்காரனுக்கு இழுக்காமல் இருப்பேனா?

இந்தத் தடவை சாக்குக்கூடத் தேவையில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார், இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு இன்றும் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் பறக்கிறவர்கள், ஒரு சங்கப் புலவரின் ஊர்ப் பக்கமாகப் போகிறோம் என்று தெரியாமலே தாண்டிவிடுகிறார்கள்.

269 அடி. பரிசு வாங்கித் திரும்புகிற பாணன் ஒருவன், கையில் சிறிய யாழோடும் வெறும் வயிற்றோடும் எதிரே வருகிற இன்னொரு பாணனிடம், ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் போ என்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் எப்படிச் சொல்கிறான் பாருங்கள். எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள், என்ன குழம்பு என்பது வரை சொல்கிறான். எயிற்பட்டினத்தில் (மரக்காணம் என்பார்கள்) பரதவர் வீட்டில் தேறலும் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயினர் குடியில் புளி சேர்த்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். பிறகுதான் கிடங்கில் வரும், இன்றைய திண்டிவனத்துக்குப் பக்கம். அங்கே மன்னன் நல்ல உடுப்பும் உணவும் தந்து, தேரும் கொடுத்து அனுப்புவான். ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை இந்தப் பாணன்.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது, தன் பழைய வறுமையை அவன் சொல்கிற இடம். அடுப்படியில் காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் முட்டுகின்றன. மடியில் பால் இல்லாத தாய்நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, புறம்பேசுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உப்பில்லாக் கீரை சுருக்கென்று தைக்கும். மனைவி சாத்திய கதவை, பரிசு வாங்கி வந்த பிறகு புருஷன் நடுரோட்டில் இன்னொரு பாணனுக்காகத் திறந்து காட்டுகிறான். வெட்கப்படவில்லை. தொழில் ரகசியம் என்று எதையும் பதுக்கவும் இல்லை.

நம் காலத்தில் இந்தப் பேச்சு அபூர்வம். 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைப் பல கோடித் தடவை கேட்டோம். அதில் தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னது பெரிய செய்தியானது. எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? பாட்டுக்காரர் ஒருவர் காசுக் கணக்கை வாய்திறந்து பேசியதே செய்தியாகிற நிலைமை இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். 2012 காப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் சட்டப்படி பங்கு உண்டு. அதை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969இலிருந்து இருக்கிறது. சொந்தப் பாட்டு வெளியிட்டவர்கள் அதில் சேரலாம். நம் பையன் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். சினிமாவுக்கு வெளியே சொந்தப் பாட்டால் வாடகை கட்டுகிற யாராவது இதைப் படித்தால், பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். முதல் பணம் யாரிடமிருந்து வந்தது, எவ்வளவு, பாட்டு வெளிவந்து எத்தனை மாதம் கழித்து? பெயர் வேண்டாமென்றால் போடமாட்டேன். தொகையை மட்டும் மறைக்காதீர்கள்.