பல் இம்பிளான்ட் சிகிச்சை: டிஜிட்டல் ஸ்கேன் போதுமா?

இந்திய நகரங்களின் பல் மருத்துவமனைகளில், அளவெடுக்கும் பசைக்குப் பதிலாக வாய்க்குள் செலுத்தும் ஸ்கேனர் பரவி வருகிறது. தாடை எலும்பில் பதித்த இம்பிளான்ட்டின் மீது ‘ஸ்கேன் பாடி’ எனும் சிறு கம்பம் திருகப்படுகிறது. அதன் இருப்பிடத்தைக் கணினி கணக்கிட, ஆய்வகம் செயற்கைப் பல்லை வடிவமைக்கிறது.

ஓரிரு பற்களுக்கு இம்முறை பழைய முறைக்கு ஈடானது. பசையால் குமட்டும் நோயாளிகளுக்குப் பெரும் ஆறுதலும்கூட. சிக்கல் முழுத் தாடையில்தான் எழுகிறது. ஸ்கேனர் சிறு சிறு படங்களை இணைத்தே முழு உருவத்தை அமைக்கிறது. பற்களற்ற வழவழப்பான ஈறில் அடையாளங்கள் குறைவு என்பதால், ஒவ்வோர் இணைப்பிலும் நேரும் நுண்பிழை மறுமுனையை எட்டுவதற்குள் திரண்டுவிடக்கூடும்.

இயற்கைப் பல் நார்த்திசுவால் எலும்போடு பிணைந்திருப்பதால் சற்றே அசைந்து கொடுக்கும். எலும்போடு நேரடியாக ஒன்றிவிடும் இம்பிளான்ட்டுக்கு அந்த நெகிழ்வு இல்லை. பொருந்தாத பிரிட்ஜை இறுக்கினால் திருகு தளரலாம், உடையலாம். பீங்கானில் விரிசல் விழலாம். பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் நோயாளியின் சொந்தப் பணமே.

எல்லா இம்பிளான்ட்டுகளின் இருப்பிடத்தையும் தனிக் கேமராவால் ஒருசேரப் பதியும் போட்டோகிராமெட்ரி முறை இப்பிழையைக் குறைக்கிறது. கருவி விலை அதிகம். இறுதி பிரிட்ஜுக்கு முன் சோதனைச் சட்டகம் ஒன்றைப் பொருத்திப் பார்ப்பது எளிய வழி. அதற்குக் கூடுதலாக ஒரு முறை வர வேண்டியிருக்கும். ‘ஒரே நாளில் பல்’ எனும் விளம்பரங்கள் இதைப் பற்றிப் பேசுவது அரிது.

2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் இம்பிளான்ட்டின் தரத்தை ஒழுங்குபடுத்துகின்றன. ஒருவரது வாய்க்கென்றே செய்யப்படும் பிரிட்ஜின் பொருத்தமோ, சிகிச்சை அறையில் மருத்துவர் செய்யும் சரிபார்ப்பையே நம்பியுள்ளது.