பேனாவை எடுக்கும் முன் படியுங்கள்!

காலையில் வேலைக்குக் கிளம்பிய மனுஷன். ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், பையும் கையுமாக ஒருவர் கட்டில் பக்கம் வந்து நின்றார்.

"இன்ஷூரன்ஸ் கம்பெனியில இருந்து வர்றேன் சார். இதுல ஒரு கையெழுத்து போடுங்க. பணம் சீக்கிரம் வரும்" என்றார். வலியில் முனகிக்கொண்டே இவரும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வடசென்னையில் ஒரு மளிகைக்கடை குமாஸ்தாவுக்கு நடந்தது இது. அந்தத் தாளின் நகலை அவருடைய மனைவி நம்மிடம் காட்டினார். இங்கிலீஷில் நாலே வரி. "எந்த ஆஸ்பத்திரியில், எந்த டாக்டரிடம் என் சிகிச்சை ரிக்கார்டு இருந்தாலும் இவர்கள் வாங்கிக்கொள்ளலாம்" என்பதுதான் அதன் சாரம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒரு வார்த்தை இல்லை!

இதிலே என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஐந்து வருஷத்துக்கு முன் மூட்டு வலி என்று அவர் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். அந்தச் சீட்டு கம்பெனி வக்கீல் கைக்குப் போனால் என்ன சொல்வார்? "இவர் நொண்டுவது விபத்தால் அல்ல, பழைய வியாதியால்" என்பார். நஷ்ட ஈடு குறையும்.

மோதிய காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி கோர்ட்டில் உங்களுக்கு எதிர்த்தரப்பு. இதை மறக்கக்கூடாது.

கம்பெனி ஆதாரம் கேட்பது தப்பு என்று நாம் சொல்லவில்லை. பொய் பில்லோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விபத்தில் பட்ட காயத்தின் ரிக்கார்டு வேறு. ஒருவரின் ஆயுள்கால வைத்தியக் கதை வேறு.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி, காயம்பட்டவரே நஷ்ட ஈடு கேட்டு டிரிபியூனலில் மனு போடலாம். சென்னையில் ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் கோர்ட்டு இந்த மனுக்களை விசாரிக்கிறது. கட்டிலில் நீட்டிய தாளில் கையெழுத்து போடாததால் இந்த உரிமை போய்விடாது. பழைய ரிக்கார்டு அவசியம் என்றால் கம்பெனி டிரிபியூனலிடமே கேட்கட்டும். தேவையா, இல்லையா என்று நீதிபதி முடிவு செய்வார். அங்கே கேள்வி வந்தால் நீங்களும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? விபத்துச் சிகிச்சையின் ரிக்கார்டை நீங்களே கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதி சொல்கிறது. ஜெராக்ஸ் எடுத்து, தேவையானதை மட்டும் கொடுங்கள். கையெழுத்து போட்டே ஆக வேண்டுமென்றால், ஆஸ்பத்திரி பெயரையும் தேதியையும் எழுதி, மற்றதை அடித்துவிட்டுப் போடுங்கள். நகல் வாங்காமல் விடாதீர்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? "என் சம்மதத்தை வாபஸ் வாங்குகிறேன்" என்று கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் எழுதிப் போடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். நீங்களே பிரீமியம் கட்டி எடுத்த மெடிக்ளெய்ம் பாலிசி என்றால் கணக்கு வேறு. அங்கே ரிக்கார்டு காட்டுவது பாலிசி நிபந்தனை. மறைத்தால் கிளெய்ம் போய்விடும்.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. வலியில் கிடப்பவரிடம் வெளியாள் தாளோடு வார்டுக்குள் வருவதைத் தடுக்க வேண்டும். கம்பெனிகளும் இந்தப் பாரத்தைத் தமிழில் அச்சடித்து, தேதிக்குக் கட்டம் போட்டுக் கொடுக்கட்டும்.

அதுவரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். வலி அடங்கட்டும். வீட்டில் படித்தவர் யாராவது வந்து படித்துச் சொல்லட்டும். அப்புறம் பேனாவை எடுங்கள்!