இடக்கையில் எடுத்த கூந்தல்
கிரேக்கப் புராணத்தின் ஃபிலோமெலாவைச் சீரழித்த தெரேயுஸ், அவள் வெளியே சொல்லாதிருக்க நாக்கையும் அறுத்துவிடுகிறான். அவளோ நடந்ததைத் துணியில் நெய்து சகோதரிக்கு அனுப்புகிறாள். அதைப் படித்ததும், சபையில் குரலெழுப்பிய திரௌபதியை நினைத்து மனம் புணேவின் பண்டார்க்கர் ஆய்வு நிறுவனம் 1919 முதல் 1966 வரை உழைத்து முடித்த மகாபாரதச் செம்பதிப்புக்குப் போயிற்று. அதில் சபா பருவத்தை 1944இல் பதிப்பித்த ஃபிராங்க்ளின் எட்கர்டன், துகிலுரியும்போது திரௌபதி கண்ணனை அழைக்கும் பகுதியை மூலபாடத்திலிருந்து விலக்கிவிட்டார். தெருக்கூத்தில் அந்த அபயக்குரல் கேட்டுக் கலங்கியவர்களுக்கு இது வருத்தம்தான். எனக்கோ அவள் இன்னும் ஓங்கித் தெரிகிறாள். தன்னையே முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்ற கேள்வியோடு தனியாக நிற்கிறாள். பீஷ்மருக்கே பதில் வரவில்லை. புணேவில் வாழ்ந்த ஐராவதி கார்வே ‘யுகாந்தா’வில் இந்தக் கேள்வியைத் தவறு என்கிறார், பண்டிதர்போல் வாதாடாமல் இரக்கத்தைக் கோரியிருக்க வேண்டுமாம். அவர்மீது பெருமதிப்பு உண்டு, ஆனாலும் இதை ஏற்க மனம் வரவில்லை. இரக்கம் இருந்த சபையா அது? பாரதியின் பாஞ்சாலி சபதத்தோடு நின்றுவிடுகிறாள். வியாசரின் திரௌபதிக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த அவமானம் ஆறவில்லை. தூது புறப்படும் கண்ணன் முன் கூந்தலை இடக்கையில் எடுத்துக்கொண்டு வந்து, சமாதானம் பேசும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள் என்கிறாள். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல இந்த இடம் என்னை விடுவதில்லை. பீமனே இறங்கிப் பேசிய அன்று, போர்தான் வேண்டும் என்று அவள் பக்கம் நின்று பேசியவர்கள் சகாதேவனும் சாத்யகியும்.